பூட்டிய பிராசசரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற முடியுமா?

கேள்வி: என் கணினியில் இன்டெல் கோர் ஐ5-12400எஃப் பிராசசர், பி660 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி டிடிஆர்4 ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளன. கேம் ஆடும்போது அவ்வப்போது திக்கித் திக்கி ஓடுகிறது. எடிட் செய்த வீடியோவை ரெண்டர் செய்யவும் நேரம் பிடிக்கிறது. இணையத்தில் பழக்கமான ஒருவர், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்து பிராசசரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்து தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கிறார். செய்துகொள்ளலாமா? பிராசசர் கெட்டுவிடுமா?

பதில்: வேண்டாம். பிராசசர் கெட்டுவிடும் என்பதால் இல்லை. அவர் சொல்கிற வேலையை அவரால் செய்யவே முடியாது.

பிராசசரின் வேகம் இரண்டு எண்களைப் பெருக்கி வருவது. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். அதைப் பெருக்கும் எண் மல்டிப்ளையர். உங்கள் பிராசசரின் ஆறு கோர்களும், அதாவது கணக்குப் போடும் அலகுகளும், ஒன்றாக உழைக்கும்போது மல்டிப்ளையர் 40, அதாவது 4 கிகாஹெர்ட்ஸ். ஓரிரு கோர்களுக்கு மட்டும் வேலை இருந்தால் 44 வரை தானே ஏறும். அதற்கு மேல் நாம் கை வைத்து ஏற்றுவதுதான் ஓவர்கிளாக். இன்டெல்லில் அதற்கு பிராசசர் பெயரின் பின்னொட்டில் கே இருக்க வேண்டும், மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டுமே இல்லை, அதாவது உங்கள் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது. இந்தப் பூட்டு விற்பனைக்காகப் போட்ட பூட்டு என்பதுதான் என் எண்ணம். ஓர் எழுத்து மாறினால் ஒரு வசதி போய்விடும் என்பதைப் பெட்டியின் மேல் பளிச்சென்று அச்சிட யாருக்கும் மனமில்லை. வாங்குகிறவர்தான் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன.

அப்படியானால் அந்த 5 கிகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவர் உங்களிடம் ஏதாவது ஒரு வீடியோவைக் காட்டுவார், அந்த வீடியோ பொய்யாகவும் இருக்காது. உங்கள் பிராசசர் 2022 ஜனவரியில் வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு சந்து திறந்திருந்தது. மல்டிப்ளையரைத் தொட முடியாவிட்டால் என்ன, அடிப்படைக் கடிகாரத்தை 100-லிருந்து 125-க்கு ஏற்றினால் 40 × 125, கச்சிதமாக 5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் சாதாரண போர்டில் அந்தக் கடிகாரத்தை இரண்டு மூன்று மெகாஹெர்ட்ஸ் நகர்த்தினாலே மற்ற பாகங்களும் தடுமாறத் தொடங்கும். பிராசசருக்கு மட்டும் தனியாகக் கடிகாரம் கொடுக்கும் ஒரு சில்லு போர்டில் இருந்தாக வேண்டும். அது ஒருசில உயர்ரக போர்டுகளில்தான் இருந்தது. பி660 வரிசையிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களில் மட்டும் இருந்தது. பூட்டிய பிராசசர்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்று இன்டெல் சொல்லிவிட்டது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குப் பின்னால் வந்த அப்டேட்களில் அந்தச் சந்தும் அடைபட்டது. ஆக, உங்கள் போர்டு அந்தச் சில மாடல்களில் ஒன்றாகவே இருந்தாலும், பழைய பயாஸுக்குத் திரும்பிப் போய், இடையில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாம் இழந்துதான் இதைச் செய்ய வேண்டும். ஒரு கேமுக்காக அது தேவையா? மதர்போர்டின் கையேட்டில் அந்தத் தனிக் கடிகாரச் சில்லு பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இனி அந்த நபர். பயாஸ் என்பது விண்டோஸ் தொடங்கும் முன்பே வேலை செய்கிற இடம். எனிடெஸ்க் விண்டோஸுக்குள் ஓடும் ஒரு மென்பொருள். கணினியை ரீஸ்டார்ட் செய்த நொடியில் அவருடைய இணைப்பு அறுந்துவிடும், பயாஸ் திரையை அவர் பார்க்கவே முடியாது. விண்டோஸுக்குள் இருந்தே வேகத்தை மாற்றும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் பூட்டிய பிராசசரின் மல்டிப்ளையரை அவையும் ஏற்ற முடியாது.

பிறகு எதைச் செய்துவிட்டுப் பணம் வாங்குகிறார்கள்? வழக்கமாக விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' என்பதை டிக் செய்து பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். அது கோர்களைக் குறைத்துச் சோதிக்க வைத்திருக்கும் வசதி. டிக் செய்யாமல் விட்டாலே விண்டோஸ் எல்லா கோர்களையும் பயன்படுத்தும். அடுத்து விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துவார்கள், ஆன்டிவைரஸை அணைப்பார்கள். கடைசியாக ஒரு வித்தை உண்டு. சிஸ்டம் விவரத் திரையில் தெரியும் பிராசசர் பெயர், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் வெறும் எழுத்து. அதில் 5.00 கிகாஹெர்ட்ஸ் என்று சேர்த்துத் தட்டினால் திரையில் அப்படியே தெரியும். அந்த ரெஜிஸ்ட்ரிப் பகுதி ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் புதிதாக உருவாவது என்பதால், அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய பெயர் திரும்பி வந்துவிடும். கெட்டிக்காரர்கள் அதைத் திரும்ப எழுத ஒரு சின்ன ஸ்கிரிப்டையும் உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள். உங்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் அவ்வளவு நேரமும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆட்கள் பிழைப்பதற்குக் காரணம் ஒரு பழைய நினைவு. 1998-இல் வந்த செலரான் 300ஏ பிராசசரின் பஸ் வேகத்தை, அதாவது அன்றைய அடிப்படைக் கடிகாரத்தை, 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடும். பலருக்கும் அது ஓடியது, இலவச வேகம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று நிலைமை அப்படி இல்லை. 2008-இல் டர்போ பூஸ்ட் வந்ததிலிருந்து, சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் அளவுக்கு பிராசசர் தன்னைத்தானே ஏற்றிக்கொள்கிறது. மிச்சம் இருக்கிற கொஞ்சத்துக்குக் கொடுக்கும் விலைதான் அதிகம். மின்சாரச் செலவு வேகத்தையும் வோல்டேஜின் இருமடியையும் பொறுத்து ஏறும். வோல்டேஜை 1.2-லிருந்து 1.35-க்கும் வேகத்தை 4-லிருந்து 4.5-க்கும் கொண்டுபோனால், வேகம் 12.5 சதவீதம் கூடும், சூடு ஏறக்குறைய 42 சதவீதம் கூடும். கம்பெனிகளே விளிம்புவரை ஓட்டிப் பார்த்து மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில் சில தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி நிலைகுலையவே, 2024-இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள்நிரல்) திருத்தமும் கூடுதலாக இரண்டு ஆண்டு வாரண்டியும் கொடுக்க வேண்டிவந்தது. உங்களுடையது 12-ஆம் தலைமுறை, அந்தச் சிக்கலில் இல்லை.

சரி, உங்கள் கணினி ஏன் திக்குகிறது? நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது 'ஒரே ஸ்டிக்' என்ற இரண்டு சொல். ஒரு ஸ்டிக் என்றால் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே பாதி வழிதான் திறந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி போய்ப் பாருங்கள். 3200 என்று எழுதி விற்ற ரேம் அங்கே 2133 அல்லது 2666 என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ரேமை அதன் மேல் எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை பயாஸில் ஆன் செய்யும்வரை பல ரேம்கள் அப்படித்தான் ஓடும், கணினியை அசெம்பிள் செய்து கொடுக்கிறவர்களில் பலர் அதைத் தொடுவதே இல்லை. பி660 போர்டில் எக்ஸ்எம்பிக்குத் தடை இல்லை. டிடிஆர்4 3200 உங்கள் பிராசசர் அதிகாரப்பூர்வமாகவே ஏற்கும் வேகம். அதே மாடலில் இன்னொரு ஸ்டிக் வாங்கிப் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பொதுவாக பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட விடுங்கள், ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பு ஆகாது. எக்ஸ்எம்பி போட்டதும் கணினி எழவே இல்லை என்றால் பதற வேண்டாம். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்னபடி சிமாஸ் அமைப்பை (சேமித்து வைத்த பயாஸ் அமைப்புகளை) அழித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ரெண்டர் விஷயம் வேறு. உங்கள் பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை, ஆகவே அந்த கிராபிக்ஸை வைத்து வீடியோவை வேகமாக என்கோட் செய்யும் இன்டெல்லின் குவிக் சிங்க் உங்களுக்குக் கிடையாது. எடிட்டிங் மென்பொருளின் ஏற்றுமதி அமைப்பில் 'ஹார்ட்வேர் என்கோடிங்' கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாஃப்ட்வேர் என்று இருந்தால் அந்த ஒரு மாற்றமே 5 கிகாஹெர்ட்ஸால் கிடைக்காத வித்தியாசத்தைக் காட்டும்.

கடைசியாகச் சூடு. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ரெண்டர் செய்யுங்கள். 100 டிகிரியைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியோடு வந்த கூலர் என்றால் அதன் நான்கு பின்களையும் விரலால் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஒன்று சரியாகக் கவ்வாமல் இருப்பது சர்வ சாதாரணம்.

இவ்வளவும் செய்தபின் கேம் இன்னும் திக்கினால், அதன் ரெசல்யூஷனைக் குறைத்து ஆடிப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை ஏறினால் குறை கிராபிக்ஸ் கார்டில், பிராசசர் பேச்சையே விட்டுவிடலாம். ஏறவே இல்லை என்றால் குறை பிராசசர் பக்கம். அப்போது எந்தக் கேம், எந்தக் கார்டு என்பதோடு எழுதுங்கள். அதற்குள் அந்த நபருக்கு எனிடெஸ்க் எண்ணைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், முதலில் எனிடெஸ்கை நீக்கிவிட்டு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். ரேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.