பாதரசம், மருந்தடிப்பு, கேன்சர்: கொடைக்கானல் கேள்விகளுக்குப் பதில்

தொழிலாளர் உடல்நலப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருஷம் இருந்தவள் என்பதால் கேட்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. தலைமுடி டெஸ்ட், நச்சு நீக்கும் பேக்கேஜ் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நாயுடுபுரம்: அக்கா, அப்பா தெர்மாமீட்டர் ஃபேக்டரியில் 9 வருஷம் வேலை பார்த்தார். இப்போது கை நடுங்குகிறது. டெஸ்ட் எடுக்கலாமா? கேன்சர் வருமா?

ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் அந்த ஃபேக்டரி மூடியது 2001-இல். உடம்பில் சேர்ந்த பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இன்றைக்குச் சிறுநீரில் தேடினால் நார்மல் என்றுதான் வரும், அதைக் காட்டியே உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். சரக்கு போய்விட்டது, சேதம் நிற்கிறது, அவ்வளவுதான். பாதரசம் ஆவியாகத்தான் ஆளைப் பிடிக்கும். மூச்சில் இழுத்ததில் ஏறத்தாழ 80 சதவீதம் உள்ளே தங்கி நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கம் கெடுவது, சிறுநீரில் புரதம் எல்லாம் அதன் வேலை. ஆனால் வயதானவருக்கு நடுக்கம் வர வேறு காரணங்களும் உண்டு. நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள், எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் என்று எழுதி எடுத்துப்போங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வேலைச் சட்டையை வீட்டில் யார் துவைத்தது என்று கேளுங்கள். பாக்கெட் ஓரத்தில் கடுகளவு ஒட்டிக்கொண்டு வந்தால்கூட வீட்டுக்குள் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

கேன்சர் விஷயம்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உலோகப் பாதரசத்தை 3-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது முடிவுசொல்ல ஆதாரம் போதாது. மீனில் சேரும் மெத்தில் பாதரசம் 2பி, வாய்ப்பு இருக்கலாம் என்ற பிரிவு.

பூம்பாறை: பூண்டுக்கு மருந்தடிக்கிறேன். கேன்சர் வருமா?

எந்த மருந்து தம்பி? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? அதே முகமையின் பட்டியலில் லிண்டேன் என்ற பூச்சிமருந்து 1-ஆம் பிரிவு, அதாவது கேன்சர் உண்டாக்கும் என்பது உறுதி. மாலத்தியான் 2ஏ, உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற பிரிவு. டப்பாவில் முக்கோணம் இருக்கிறதே, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, அது உடனே விஷமேறும் கடுமையைத்தான் காட்டும், கேன்சரை இல்லை. பச்சை என்று அலட்சியம் வேண்டாம். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், முதுகில் டேங்க் ஒழுகினால் உடனே சட்டையைக் கழற்றிக் குளியுங்கள். காலி மருந்து பாட்டிலில் தண்ணீர், எண்ணெய் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது, கூடவே கூடாது.

ஆனந்தகிரி: குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்து விழுங்கிவிட்டது!

விழுங்கிய பாதரசம் குடலில் ஏறக்குறைய ஒட்டாது, மலத்தோடு போய்விடும். கண்ணாடித் துண்டுதான் கவலை, டாக்டரிடம் காட்டுங்கள். தரையில் சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பொடிப்பொடியாகச் சிதறும். சன்னலைத் திறந்துவிட்டு, அட்டையால் ஒதுக்கி மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

பண்ணைக்காடு: தலைமுடி டெஸ்ட் தள்ளுபடியில் போடுகிறார்கள்...

வேண்டாம். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

தொழிலாளி மகன்: கேன்சருக்கு ஆதாரம் போதாது என்று எழுதி கம்பெனிக்கு வக்காலத்தா? எங்கள் தெருவிலேயே ரெண்டு பேருக்கு கேன்சர்.

கோபம் புரிகிறது, ஆனால் தெருவுக்கு ரெண்டு பேர் என்பது இன்று எந்த ஊரிலும் இருக்கும். பாதரசம் தெரியாத ஊரோடு ஒப்பிடாமல் அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

தொழிலாளி மகன்: கேன்சர் என்றால்தானே அக்கா காது கொடுக்கிறார்கள்?

இதைத்தான் எத்தனையோ வருஷமாகச் சண்டை போட்டுச் சொல்கிறேன்! ஜப்பானில் மினமாட்டாவில் 1956-இல் வெளியே தெரிந்தது பாதரசத்தால் வந்த நரம்பு நோய். கேன்சர் இல்லை என்பதற்காக யாராவது அதைச் சின்ன விஷயம் என்றார்களா? 2013-இல் பாதரசத்துக்கு எதிரான உலக ஒப்பந்தத்துக்கே அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்தார்கள். நிரூபிக்க முடியாத ஒன்றைக் கையில் எடுத்தால் எதிர்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் உடைப்பார், கூடவே உங்கள் அப்பாக்களின் நடுக்கமும் சிறுநீரகமும் பொய்யாகிவிடும். 2016-இல் கம்பெனிக்கும் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் உடன்படிக்கை ஆனதே, இனி எந்தக் கேஸ் நடந்தாலும் உறுதியான ஆதாரம்தான் நிற்கும்.

மன்னவனூர்: டீ கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் கேன்சர் என்கிறார்களே?

65 டிகிரிக்கு மேல் சூடாக எதைக் குடிப்பதும் 2ஏ, உணவுக்குழாய்க்கு ஆகாது. தப்பு டீத்தூளில் இல்லை, சூட்டில். ஊதிக் குடியுங்கள்.

நாயுடுபுரம்: அக்கா, அப்பாவைக் கேட்டேன். பாதரசம் நிரப்பும் பிரிவாம். சட்டை துவைத்ததெல்லாம் அம்மாதானாம்.

அப்படியானால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.