"என்று" இருக்கும்போது காற்புள்ளி எதற்கு?

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கதை நன்றாக எழுதுவாள். ஆனால் கதையில் ஆட்கள் பேச ஆரம்பித்தால் குறிகள் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. ஒரு வரியைப் பாருங்கள்: அம்மா "நீ எங்கே போகிறாய்," என்று கேட்டார்? அதோடு, யார் பேசினாலும் "என்று கூறினார்" என்றுதான் முடிக்கிறாள். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: உங்கள் மகள் கவனக்குறைவாக எழுதுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. "போகிறாய்" என்பதற்குப் பின்னால் இருக்கும் காற்புள்ளி, அவள் மலாய் வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது. அந்த இரண்டு மொழிகளிலும் கேள்வியோ வியப்போ இல்லாத பேச்சை முதலில் எழுதினால், அது முடிந்ததும் காற்புள்ளி போட்டு, மேற்கோள்குறியை மூடி, அப்புறம்தான் யார் சொன்னார் என்று எழுதுவார்கள். மூன்று மொழிகளில் எழுதும் பிள்ளை ஒன்றின் விதியை இன்னொன்றுக்குக் கொண்டுவருவது இயல்பு. அதற்காகத் திட்ட வேண்டாம். தமிழுக்கு வழி வேறு என்று காட்டினால் போதும்.

தமிழில் பேச்சையும் பேசியவரையும் சேர்ப்பது "என்று" என்ற சொல். ஓலைச்சுவடி எழுதியவர்களிடம் காற்புள்ளியும் இல்லை, மேற்கோள்குறியும் இல்லை. அவை ஐரோப்பியர் வழியாக அச்சுப் புத்தகங்களோடு வந்தவை. அதற்கு முன்பே "என", "என்று" போன்ற சொற்கள் ஒருவர் பேச்சு எங்கே முடிகிறது என்பதைக் காட்டிவந்தன. இன்றும் அவை அந்த வேலையைச் செய்வதால், "என்று"க்கு முன்னால் காற்புள்ளி தேவையில்லை. பேசுபவரின் பெயர் முதலில் வந்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் காற்புள்ளி போடுவது பள்ளியில் பழக்கம்.

அம்மா, "நீ எங்கே போகிறாய்?" என்று கேட்டார்.

வினாக்குறி ஏன் உள்ளே வந்தது? கேள்வி அம்மாவுடையது. "கேட்டார்" என்று கதை சொல்பவர் நமக்குத் தகவல் சொல்கிறார், எதையும் கேட்கவில்லை. இதை விதியாக ஒப்புவிக்க வைப்பதைவிட, காதால் உணரவைப்பது நல்லது. இருவரும் உட்கார்ந்து அவள் கதையைச் சத்தமாக வாசியுங்கள். கதை சொல்பவரின் வரிகளை அவள் வாசிக்கட்டும், கதையில் வரும் ஆட்கள் பேசுவதை மட்டும் நீங்கள் வாசியுங்கள். குரல் மாறும் இடத்தில் அவள் கையாலேயே மேற்கோள்குறி போடட்டும். உங்கள் குரல் கேள்வியாக உயர்ந்தால் வினாக்குறியும் உங்கள் பகுதிக்குள்தான். ஒரே நாளில் எல்லாக் குறிகளையும் திருத்தப் போகாதீர்கள். முதலில் மேற்கோள்குறி மட்டும் சரியாகட்டும்.

முற்றுப்புள்ளியில்தான் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். "மழை வருகிறது. குடையை எடு" என்றார் பாட்டி. இதில் முதல் வாக்கியத்துக்குப் புள்ளி உண்டு. "எடு" என்பதற்குப் பின்னால் "என்றார்" தொடர்வதால் அங்கே நான் புள்ளி வைப்பதில்லை. சில புத்தகங்களில் வைத்திருப்பார்கள். பள்ளியில் ஆசிரியர் அப்படிச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றட்டும், ஆனால் ஒரு கதைக்குள் ஒரே முறைதான் இருக்க வேண்டும். பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் ஒற்றை மேற்கோள்குறி. ஆள் மாறினால் புதுப் பத்தி. "என்று கேட்டார்" என்பதில் வலி மிகாது, அதாவது இடையில் "க்" வராது; "எனக் கேட்டார்" என்பதில் மிகும்.

இன்னொரு குழப்பத்தையும் பார்த்திருக்கிறேன். உரையாடல் கட்டுரையில் பெயர், முக்காற்புள்ளி (:), பிறகு பேச்சு என்று எழுதுவார்கள், மேற்கோள்குறி இருக்காது. சில பிள்ளைகள் அதையே கதையிலும் எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

சரி, "என்று கூறினார்" பிரச்சினைக்கு வருவோம். இதற்கு மொழிந்தார், இயம்பினார், நவின்றார் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீ கோரேங் விற்பவர் "ஐந்து ரிங்கிட்" என்று இயம்பினால் கதை பொய்யாகிவிடும். "என்றார்" போதும். பல இடங்களில் அதுவும் வேண்டாம். பேசும்போது அந்த ஆள் என்ன செய்கிறார் என்று எழுதினாலே யார் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

தம்பி பெர்ரியின் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தான். "பட்டர்வொர்த் வந்துவிட்டதா?"

அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "முதலில் உள்ளே வா!"

இங்கே "என்று" இல்லாததால் பேச்சு தன் குறியோடு மேற்கோளுக்குள்ளேயே முடிகிறது. இப்படி எழுதப் பழகும் பிள்ளை, "எப்படி இருக்கிறாய்?", "நலம், நீ எப்படி இருக்கிறாய்?" போன்ற வெற்றுப் பேச்சையும் தானாக விட்டுவிடும். அந்த நேரத்தில் எழுதுவதற்குச் செயல் எதுவும் இருக்காதே!

கதையில் வருபவர்கள் பேச்சுத் தமிழில் பேசலாமா என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். வீட்டில் எழுதும் கதையில் தாராளமாகப் பேசட்டும். "வா லா, நேரமாச்சு" என்று அண்ணன் கூப்பிடட்டும். மேற்கோளுக்கு வெளியே உள்ள வரிகள் மட்டும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பள்ளிக் கட்டுரையில் ஆசிரியர்கள் பெரும்பாலும் எழுத்து வழக்கையே எதிர்பார்ப்பார்கள். அதனால் அங்கே அதே வரியை "வா, நேரமாகிவிட்டது" என்று மாற்றிக்கொள்ளலாம்.