வன்னிக் குடும்பத்தின் பூர்வீகத்தைப் பழைய கோயில் பதிவேட்டிலும் குடிசன மதிப்பீட்டிலும் தேட முடியுமா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: அப்பப்பாவின் பெயர் ச. அருளப்பு. கத்தோலிக்கர், 1936 அளவில் கிளிநொச்சிப் பக்கம் பிறந்தவர். 'ச' யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பத்திரங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. ஒரு பெரியப்பா மன்னார் என்கிறார், இன்னொருவர் தீவுப்பகுதி என்கிறார், மாமி இந்தியா என்கிறா. லண்டனில் கூட வேலை செய்பவர் தன் பூட்டனை 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கண்டுபிடித்தாராம், எங்களுக்கும் அப்படி முடியுமா?

குடிசன மதிப்பீட்டை முதலில் ஒதுக்கி வையுங்கள். இங்கிலாந்தில் 1841 முதல் வீடு வீடாக எழுதிய தாள்களையே வைத்திருந்து, நூறு வருடம் கழித்துத் திறந்து விடுகிறார்கள். அதனால்தான் உங்கள் நண்பருக்குப் பெயரும் வயதும் தொழிலும் கிடைத்தன. இலங்கையிலும் 1871 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள்தான். ஆனால் எங்கள் கைக்கு வருவது அச்சிட்ட அட்டவணை மட்டும்: இந்தப் பகுதியில் ஆண் இத்தனை, பெண் இத்தனை, சமயம், இனம். பூட்டன் அதில் ஒரு இலக்கமாக இருப்பார், பெயராக இருக்க மாட்டார். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணியதே 1911இல்தான். அதற்கு முந்திய அட்டவணையை வைத்து உங்கள் மாமியின் கட்சியை வெல்லவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது.

கோயில் பதிவேடு, அதாவது கத்தோலிக்கக் கோயில்களில் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் எழுதி வைத்த புத்தகங்கள், வேறு கதை. நான் என் அம்மம்மாவின் தகப்பனைத் தேடி அதில் மூன்று வருடம் முட்டி மோதினேன். அதில் இரண்டு வருடம் என் முட்டாள்தனத்தால் போனது.

அவர் பெயர் ராயப்பு. எங்கள் வீட்டிலும் மூன்று கதை இருந்தது. நெடுந்தீவிலிருந்து தோணியில் வந்தவர், அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வந்தவர், வன்னிக்குள்ளேயே காய்ச்சலில் அழிந்த ஒரு குடும்பத்தில் மிஞ்சிய பொடியன். பூட்டி அன்னம்மாவின் ஊரில் சந்தேகம் இல்லை. மடுவுக்குப் பக்கத்தில் ஒரு குளத்துக் கிராமம், அவவின் தகப்பன் பிலிப்பு அங்கே கோயில் மூப்பராக இருந்தவர். அந்தப் பங்கின் (ஒரு சுவாமியாரின் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரம்) குருமனைக்குப் போய், சுவாமியாரிடம் கெஞ்சி, ஞானஸ்நானப் புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். போன் படத்துக்கு அனுமதி இல்லை, சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டேன். ராயப்பு என்று ஒருவர்கூட இல்லை. சரி, தோணிக் கதைதான் உண்மை என்று முடிவு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செத்தவீட்டில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, ராயப்பர் ஆர்? பேதுரு அல்லோ? பழைய சுவாமிமார் லத்தீனில எழுதினவை. பேத்ருஸ் எண்டு பாத்தனீரோ?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்குப் போய் வந்தவன் நான். அந்த இருவரும் பேதுருவும் பவுலும்தான் என்று தெரியும். ஆனாலும் அது மூளையில் ஏறவில்லை. எங்கள் ஆட்களுக்கு வீட்டுப் பெயர் தமிழ், புத்தகப் பெயர் லத்தீன். ராயப்பு பேத்ருஸ், சின்னப்பு பவுலுஸ், சூசை யோசேபுஸ், சந்தியா யாக்கோபுஸ், வஸ்தியான் செபஸ்தியானுஸ், சவிரி பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'யோசேப்பின் மகன்' என்று எழுதும்போது லத்தீனில் பெயரின் வால் மாறும். யோசேபுஸ் யோசேபி ஆகும், யாக்கோபுஸ் யாக்கோபி ஆகும். முதல்தரம் யோசேபி என்பதைப் பார்த்து யாரோ ஒரு பெண் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

திரும்பப் போனேன். இந்தமுறை பேத்ருஸ் அள்ளு கொள்ளையாக இருந்தார்கள். அம்மம்மாவின் பிறப்புப் பத்திரப்படி ராயப்புவின் தகப்பன் சூசை. 'யோசேபியின் மகன் பேத்ருஸ்' என்று மட்டும் இரண்டு பேர், இரண்டு வருட இடைவெளியில். குடும்பப் பெயர் இல்லாத சமூகத்தில் இதுதான் பெரிய தலையிடி. தகப்பன் பெயரும் மகன் பெயரும் பத்துப் பதினைந்து புனிதர்களுக்குள்ளேயே சுற்றுகிறது.

தீர்த்து வைத்தது ஓரக்குறிப்பு. 1908இல் உரோமையின் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: ஒருவர் கலியாணம் கட்டினால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பதிவின் ஓரத்திலேயே அதைக் குறிக்க வேண்டும். பூட்டன் கட்டியது 1913இல். இரண்டு பேத்ருஸில் ஒருவரின் ஓரத்தில் மங்கிய மையில் 'அன்னா, பிலிப்பியின் மகள்' என்று வருடத்தோடு இருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதினேன். உங்கள் ஆள் 1908க்குப் பிறகு கோயிலில் கலியாணம் முடித்தவராக இருந்தால் இந்த ஓரங்களை விடவே வேண்டாம். வேறு பங்கில் முடித்திருந்தால் அந்தப் பங்கின் பெயரும் அதிலேயே கிடைக்கலாம், அடுத்து எங்கே போவது என்று அதுவே சொல்லிவிடும்.

அதைவிடப் பெரிய புதையல் மெய்விவாகப் புத்தகத்தில், அதாவது கோயிலின் கலியாணப் பதிவேட்டில் இருந்தது. சொந்தத்துக்குள் கட்டுவதென்றால் திருச்சபையின் விலக்கு வேண்டும், அது பதிவில் ஏறும். 'இரண்டாம் பாகை இரத்த உறவு' என்றிருந்தால் ஒரே பாட்டன் பாட்டியின் பிள்ளைகளின் பிள்ளைகள், அதாவது மச்சான் மச்சாள். மூன்றாம் பாகை என்றால் ஒரே பூட்டன் பூட்டி. மச்சாளைக் கட்டுவது எங்கள் ஆட்களுக்குச் சாதாரணம், ஆனால் அந்தப் பழக்கம் வம்சம் தேடுபவனுக்கு இவ்வளவு உதவும் என்று நினைக்கவில்லை. ராயப்பு அன்னம்மா பதிவில் இரண்டாம் பாகை. அப்படியென்றால் அவர் எங்கிருந்தோ தனியாக வந்து ஒதுங்கியவர் இல்லை, அந்த ஊருக்கே மருமகன். அவரது ஞானஸ்நானப் பதிவைத் திரும்பிப் பார்த்தால் ஞானத்தகப்பன் பிலிப்பு. தாய் மரியா பிலிப்புவின் சகோதரி என்பது என் கணிப்பு. எந்தப் பதிவும் அப்படி நேராகச் சொல்லவில்லை, அதனால் என் கொப்பியில் அந்தக் கோட்டை மட்டும் பென்சிலால் போட்டிருக்கிறேன்.

அதற்கு மேல் சூசையிடம் போய் நின்றுவிட்டது. அவர் பிறந்திருக்கக்கூடிய காலத்துப் புத்தகத்தில் பாதி கறையானுக்குப் போய்விட்டது, இருக்கும் பாதியில் அவர் இல்லை. தோணியில் வந்தவர் இந்தச் சூசையாக இருக்கலாம் என்று இப்போது யோசிக்கிறேன். வீட்டுக் கதைகள் முழுப் பொய்யாக இருப்பது குறைவு. பெரும்பாலும் ஒரு தலைமுறை இறங்கி வேறு ஆளின் தலையில் உட்கார்ந்துவிடும். உங்கள் பெரியப்பாமார் இருவரும் ஒருவேளை இரண்டு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அரசாங்கப் பதிவையும் விடாதீர்கள். 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு பிறப்புப் பதிவு முறையாகத் தொடங்கியது. ஆனால் காட்டுக்குள் இருந்த ஊர்களில் எத்தனை பேர் பதிவுகாரரைத் தேடிப் போனார்கள் என்பது வேறு விஷயம். பதிவே இல்லாதவர்களுக்குப் பிற்காலத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ்தான் கிடைத்தது, அதிலுள்ள வருடத்தை நம்பிப் புத்தகம் புரட்டினால் ஐந்து வருடம் முன்னும் பின்னும் சேர்த்துப் புரட்டுங்கள். உங்கள் அப்பாவின் பிறப்புப் பத்திரப் பிரதியைக் கட்டாயம் எடுங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்த படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று ஒரு கூடு உண்டு. யார் இந்த நாட்டவர் என்று சலித்தெடுக்கப் போட்ட கூடு அது, லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே சட்டம். அதை நிரப்பியிருந்தால் உங்கள் 'ச' அங்கேயே முழுப்பெயரோடு இருப்பார்.

எங்கே போய்க் கேட்பது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், 1936இல் அது யாழ்ப்பாண மாவட்டம். கோயில் பக்கம் பார்த்தால், மன்னார் மறைமாவட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1981இல். இன்று மன்னாரும் வவுனியாவும் அங்கே, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு. அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் குடியேறியவர்கள் பலர் இரணைமடுத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்தவர்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தாயின் ஊருக்கே போனவர்களும் உண்டு. ஆகவே அப்பப்பாவின் தாயின் ஊரை முதலில் விசாரியுங்கள். மாமிக்குத் தெரிந்திருக்கும், கிழவிமாருக்குத்தான் இதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

அந்தப் பங்குக்குக் கடிதம் எழுதும்போது அருளப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். அருளப்பர் யோவான், ஆகவே யோவான்னெஸ் என்றும் தேடச் சொல்லுங்கள். 'ச' என்பது சந்தியா, சவிரி, சபஸ்தியான் எவராகவும் இருக்கலாம், ஆகவே தகப்பன் பெயருக்கு யாக்கோபி, சவேரியி, செபஸ்தியானி மூன்றையும் கொடுங்கள். செபஸ்தியானை 'செ' போடாமல் 'ச' போட்டு எழுதியவர்களும் இருக்கிறார்கள்.