எலக்ட்ரான் உடைவதில்லை, ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், எலக்ட்ரானை உடைக்க முடியாது என்றுதான் படித்தோம். பின்ன ஹால் விளைவில் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் எப்படி வருகிறது? (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே மின்னழுத்தம் உண்டாவதுதானே ஹால் விளைவு?)

பதில்: எலக்ட்ரான் முழுசாகத்தான் இருக்கிறது. பின்னம் கூட்டத்துக்குச் சொந்தம். காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியின் அடுக்கில் எலக்ட்ரான்கள் ஒரே தளத்தில் அடைபட்டிருக்கின்றன. மேலே கீழே போக வழியில்லை. செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தால், ஒவ்வொரு காந்தப்பாயத் துணுக்கும் (காந்தப்புலத்தின் மிகச் சிறிய அலகு) ஒரு சீட் என்று வையுங்கள். புலம் ஏற ஏற சீட் கூடும், ஆள் கூடாது. மூன்று சீட்டுக்கு ஓர் ஆள் என்று வரும்போது, ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்கள் கச்சிதமான ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். இப்போது ஒரே ஒரு சீட்டைக் கூடுதலாகப் போடுங்கள். எத்தனை ஆள் குறைகிறது? ஓர் ஆளில் மூன்றில் ஒரு பங்கு! அந்தக் குறைதான் போலித்துகளாக, அதாவது தனித் துகள் போலவே, நடமாடுகிறது. (சீட் கதையை ரொம்ப இழுக்காதீர்கள். இது திரவம், யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது.)

கேள்வி: முதலில் பார்த்தது யார்?

பதில்: பெல் ஆய்வகத்தின் டேனியல் சுயியும் ஹார்ஸ்ட் ஸ்டோர்மரும், 1982-ல். மாதிரி ஆர்தர் கோசார்டின் கைவண்ணம். சுமார் 15 டெஸ்லா காந்தப்புலத்தில், ஹால் மின்தடையின் வரைபடத்தில் புதிதாக ஒரு படி தெரிந்தது. சுயி விரல்களாலேயே தூரத்தை அளந்து பார்த்தார். முழு எண்ணுக்கான பழைய படி இருந்த புலத்தைப் போல மூன்று மடங்கு. விளையாட்டாக 'குவார்க்!' என்றாராம் (குவார்க் என்பது மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் மின்னூட்டம் உள்ள அடிப்படைத் துகள்). அடுத்த ஆண்டே ராபர்ட் லாஃப்லின் விளக்கம் தந்தார். 1998 நோபல் இந்த மூவருக்கும், கோசார்டுக்கு இல்லை. எனக்கு அது உறுத்தல்தான்.

கேள்வி: அண்ணே, அந்தப் பின்னத்தை நேரடியாக அளந்தார்களா?

பதில்: 1997-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலும் பிரான்சின் சாக்லேயிலும் அளந்தார்கள். தகரக் கூரையில் விழும் மழையின் சத்தத்தை வைத்தே துளி பெரிதா சிறிதா என்று சொல்லலாம் இல்லையா? அதேபோல மின்னோட்டத்தின் இரைச்சலைக் கேட்டார்கள். துளியின் அளவு மூன்றில் ஒன்று.

கேள்வி: 1/3 போலவே 2/5, 3/7 என்ற பின்னங்களிலும் படி வருகிறதே, அதெல்லாம்?

பதில்: அதை விளக்கியவர் ஜைனேந்திர ஜெயின், 1989-ல். எலக்ட்ரான் இரண்டு பாயத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு கலப்பு ஃபெர்மியான் என்ற கூட்டுத் துகள் ஆகிறது. அதற்கு நடப்பது 1, 2, 3 என்று படி வரும் சாதாரண முழு எண் ஹால் விளைவு. நமக்குத் தெரிவது பின்னம்.

கேள்வி: இந்தப் போலித்துகள்கள் எனியான், அதாவது ஃபெர்மியானும் இல்லாத போசானும் இல்லாத புதுவகைத் துகள், என்கிறார்களே, நிஜமா?

பதில்: ஆமாம். 2020-ல் பாரிசிலும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் சான்று கிடைத்தது. 1/3 நிலையில் ஒரு போலித்துகள் இன்னொன்றை ஒரு சுற்று சுற்றினால் குவாண்டம் அலையின் கட்டம் (phase) 120 டிகிரி மாறும். சாதாரணத் துகளானால் ஒன்றுமே மாறாது. குவாண்டம் கணினிக்கு ஆசைப்படுபவர்கள் கண் வைத்திருப்பது 5/2 நிலை மேல். அந்த நிலை உண்மையில் எப்படிப்பட்டது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.