கோடைக்கு மரத்தீவனம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வெள்ளக்கோவில்: அண்ணா, ஆறு உருப்படி மாடு, மூன்று ஏக்கர் மானாவாரி. பங்குனி பிறந்தால் பச்சை என்று எதுவும் இல்லை. என்ன மரம் வைக்கலாம்?

முதலில், கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், நிற்கிற வெள்வேல மரத்தை வெட்டிவிடாதீர்கள். கோடையில் உதிரும் அதன் காய் காசில்லாத தீவனம். அப்புறம் வரப்போரமாகச் சவுண்டல் (சூபாபுல்), கிளைரிசிடியா என்ற இரண்டு தழை மரங்களையும் கலந்து வையுங்கள். சவுண்டல் விதையின் தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதி முளைக்காது. கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, கொதி அடங்கியதும் விதையைப் போட்டு மூன்று நான்கு நிமிடத்தில் எடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். கிளைரிசிடியா போத்து வைத்தாலும், அதாவது கிளையை வெட்டி நட்டாலும், வரும். ஆனால் மானாவாரிக்கு விதைக் கன்றுதான். போத்துக்கு ஆணிவேர் கிடையாது, வறட்சியில் அது தெரிந்துவிடும்.

நட்டு வளர்ப்பவர்கள்கூடக் கோட்டைவிடுவது வெட்டும் காலத்தில்தான். கிளைரிசிடியாவை வெட்டாமல் விட்டால் தை மாசிக்கு மேல் இலையைக் கொட்டிவிட்டுப் பூத்து நிற்கும். பார்க்க அழகு, மாட்டுக்குப் பட்டினி. வடகிழக்கு மழை ஓயும் தறுவாயில், கார்த்திகை மார்கழி வாக்கில், இடுப்பளவு அடிமரத்தை விட்டு மேலே கழித்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே துளிர்த்து, அந்த இலை கோடைக்கு நிற்கும். முதல் வருடம் மட்டும் கத்தியை எடுக்காதீர்கள், தண்டு கட்டைவிரலைத் தாண்டிப் பருக்கட்டும்.

மர இலை முழுத் தீவனம் அல்ல. மாடு தின்பதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். மிச்சம் சோளத்தட்டோ வைக்கோலோதான்.

திண்டுக்கல்: அகத்தியை அடியோடு வெட்டி ஆட்டுக்குப் போட்டேன். துளிர்க்கவே இல்லை.

துளிர்க்காது. அகத்தி சவுண்டல் மாதிரி வெட்டுத் தாங்காது. பக்கக் கிளையை ஒடித்துப் போடுங்கள், தலையில் கொஞ்சம் இலை எப்போதும் நிற்க வேண்டும்.

புதுக்கோட்டை: கிளைரிசிடியா தழையை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அந்த வாடை அதற்குப் புதிது. சாயங்காலம் வெட்டி நிழலில் பரப்பி, காலையில் வாட்டமாகப் போடுங்கள். முதல் வாரம் சோளத்தட்டோடு சேர்த்து நறுக்கி, உப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு பிடியில் ஆரம்பியுங்கள். தின்று பழகிய மாடு ஒன்று இருந்தால் பக்கத்தில் கட்டுங்கள், அது தின்பதைப் பார்த்து இதுவும் வாய் வைக்கும்.

நாமக்கல்: சவுண்டல் தின்றால் மாட்டுக்கு முடி கொட்டுமா?

அளவு மீறினால் கொட்டும். அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. இரைப்பையில் அது சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் மாடுகள் மெலிந்தபோது, ஹவாய் ஆடுகளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் தேடினார். அந்த ஆடுகளின் வயிற்றில் நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் ஒன்று இருந்தது. அதை 1980களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டினார்கள். அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி. நீங்கள் ஹவாய் போக வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள், சினை மாட்டுக்கு இன்னும் குறையுங்கள்.

ஈரோடு: முயலுக்குச் சவுண்டல், கிளைரிசிடியா தழை போடலாமா?

வேண்டாம். குதிரைக்கும் வேண்டாம்.

ராமநாதபுரம்: ஐயா, எங்கள் பக்கம் கோடையில் ஆட்டைக் காப்பாற்றுவது சீமைக்கருவேலங்காய்தான். நீங்கள் அதன் பேச்சையே எடுக்கவில்லையே?

பல்லடம்: எடுக்கக் கூடாது! புழுக்கையோடு வந்து விழுந்த விதைதான் எங்கள் காட்டையே பிடித்துக்கொண்டது.

ராமநாதபுரம்: வாய்க்கால் தண்ணீர் பாய்கிற ஊரிலிருந்து பேசுவது சுலபம். எங்கள் ஊருக்கு வந்து ஒரு சித்திரை இருந்து பாருங்கள்.

பல்லடம்: வாய்க்கால் தண்ணீர் எங்களுக்கு முறைவைத்துத்தான் வருகிறது. வேர் பறிக்கக் கூலி கொடுத்தவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். இலையை ஆடு சீண்டாது, நெற்றோ இனிப்பு. விதை வயிற்றில் சாகாமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவும் சேர்ந்து கிடைப்பதால் நன்றாகவே முளைக்கும். எனவே முழு நெற்றாகப் போடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, விதையும் உடையும்படி அரைத்துப் போடுங்கள். ஈரம் இருந்தால் இயந்திரத்தில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும், மொறுமொறுவென்று காய வேண்டும். கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

நெற்றையே முழுத் தீவனமாக மாதக்கணக்கில் தின்ற மாட்டுக்கு நரம்பு கெடும். எச்சில் ஒழுகும், தாடை ஒரு பக்கம் இழுக்கும், அசைபோட முடியாமல் வற்றிப்போகும். இதற்காகப் புதிதாக யாரும் அந்த மரத்தை நட வேண்டாம். நிற்பதைப் பயன்படுத்துங்கள். பல்லடத்தாரும் ராமநாதபுரத்தாரும் மிச்சத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

சேலம்: மரவள்ளித் தழை?

பச்சையாகப் போட்டால் உயிரே போகலாம், அதில் சயனைடு இருக்கிறது. நறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொஞ்சமாக.

கரூர், தருமபுரி, இன்னும் நான்கு பேர்: எந்த மரம் வைத்தால் பால் கூடும்?

மேலே படியுங்கள். மூன்றில் ஒரு பங்கு. சோளத்தட்டு.

மணப்பாறை: குட்டி இரண்டு நாளாகக் கழிகிறது, எந்தத் தழை கொடுக்கலாம்?

தழையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் இன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.

திருச்சுழி: இப்போது சித்திரை. உடனே கன்று நடலாமா?

ஊற்றத் தண்ணீர் இருந்தால் நடுங்கள். இல்லையென்றால் விதை மட்டும் வாங்கி வையுங்கள், ஆவணி புரட்டாசியில் நாற்று விட்டு மழையோடு நடலாம். இந்தக் கோடைக்குச் சோளத்தட்டை விலைக்கு வாங்கத்தான் வேண்டும்.