சிகிச்சை முடிந்து 11 ஆண்டுகள்: இனியும் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 11 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. ஆறு சுற்று கீமோ (ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு), அப்புறம் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது அவளுக்கு 22 வயது. நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் சில மாதங்களாகச் சீக்கிரமே களைத்துப்போகிறாள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில், இனி பெரியவர்களுக்கான மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல். நோய் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் பெட் ஸ்கேன் எடுக்கலாமா? அவளிடம் 'நெஞ்சில் கட்டி இருந்தது, கரைத்துவிட்டார்கள்' என்று மட்டுமே சொல்லியிருக்கிறோம்.

பதில்: பெட் ஸ்கேன் வேண்டாம். ஹாட்ஜ்கின் நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். 11 ஆண்டுகள் கழித்து, அறிகுறி எதுவும் இல்லாதபோது எடுக்கும் ஸ்கேனால் கிடைப்பது கூடுதல் கதிர்வீச்சும், அர்த்தமில்லாத ஒரு புள்ளியைப் பார்த்துப் பதறுவதும்தான். கழுத்திலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வை, எடை குறைவது ஆகியவை வந்தால் உடனே காட்டுங்கள். இனி நாம் முக்கியமாகத் துரத்த வேண்டியது நோயை அல்ல, அதைக் குணமாக்கிய மருந்தும் கதிர்வீச்சும் விட்டுப்போன தடத்தை.

அதற்கு முதலில் பழைய ஃபைலைத் திறந்து ஒரு கணக்குப் போட வேண்டும். ஏபிவிடியில் உள்ள 'ஏ' என்பது டாக்ஸோரூபிசின், அந்தச் சிவப்பு நிற மருந்து. வழக்கமான அளவு ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 25 மில்லிகிராம். ஒரு சுற்றில் இரண்டு தடவை. ஆறு சுற்று என்றால் 12 தடவை, மொத்தம் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். இந்த மொத்த அளவு 250-ஐத் தாண்டினாலே இதயத்தைப் பொறுத்தவரை அதிக அபாயப் பிரிவு. உங்கள் மகளுக்கு நெஞ்சில் கதிர்வீச்சும் சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை எக்கோ எடுக்க வேண்டும் என்பதே சர்வதேச வழிகாட்டுதல். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய 'நார்மல்' இன்றைக்கு உதவாது. டாக்ஸோரூபிசினால் வரும் இதயத் தசைப் பலவீனம் பத்து, இருபது ஆண்டுகள் ஓசையில்லாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் தலைகாட்டும். ஆரம்பத்திலேயே எக்கோவில் பிடித்துவிட்டால் மாத்திரை கொடுத்துக் கட்டுப்படுத்தப் பார்க்கலாம்.

22 வயதுப் பெண் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், அவள் பழைய கதை தெரியாத மருத்துவர் ரத்தசோகை, ஆஸ்துமா, பதற்றம் என்றுதான் யோசிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'எனக்கு டாக்ஸோரூபிசின் 300, நெஞ்சில் கதிர்வீச்சு' என்று சொல்ல வேண்டியது அவளுடைய வேலை.

இப்போதைய களைப்புக்கு எக்கோவோடு சேர்த்து தைராய்டையும் பாருங்கள். கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு மெல்ல மெல்லச் சோர்ந்துபோவது மிகவும் சகஜம். பல ஆண்டுகள் கழித்தும் வரும். ஆண்டுக்கு ஒரு முறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை, கூடவே மருத்துவர் கழுத்தைத் தடவிப் பார்ப்பது போதும். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். எல்லாக் களைப்புக்கும் பழைய சிகிச்சை காரணமாக இருக்க வேண்டியதில்லை.

மார்பகத்தைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சிறுவயதில் நெஞ்சில் 10 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் 25 வயது அல்லது கதிர்வீச்சு முடிந்து 8 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) மார்பக எம்ஆர்ஐயும் வேண்டும். உங்கள் மகளுக்கு அது 25 வயதில். நாற்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கதிர்வீச்சு விவரத்தைக் காட்டி மறுபடி கேளுங்கள்.

ஏபிவிடியில் உள்ள 'பி' என்பது பிளியோமைசின். நுரையீரலைத் தொடும் மருந்து. ஒரு நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளலாம். புகை கூடவே கூடாது. எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்தப் பெயரை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதிக அடர்த்தியில் ஆக்சிஜன் கொடுப்பது பற்றி அவர் யோசித்து முடிவெடுப்பார்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: குழந்தைப் பேறு. ஏபிவிடி சூலகங்களையும் கருமுட்டைகளையும் பெரிதாகப் பாதிக்காத கூட்டு. கழுத்து, நெஞ்சுக் கதிர்வீச்சு அடிவயிறு வரை போவதில்லை. ஆகவே வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பிறக்கும் குழந்தைக்குக் குறைபாடு வரும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. ஆனால் கர்ப்பத்துக்கு முன்போ தொடக்கத்திலோ ஒரு எக்கோ கட்டாயம், ஏனென்றால் கர்ப்பகாலத்தில் இதயத்துக்கு வேலை கூடுகிறது.

இவ்வளவையும் யார் நினைவில் வைத்திருப்பது? நீங்கள் அல்ல, அவள்தான். அதனால் நோயின் உண்மைப் பெயரை அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் பாதி தெரிந்துதான் இருக்கும். இணையம் கையில் இருக்கும் காலம் இது. மருத்துவர் முன்னால் வைத்துச் சொன்னால், கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். சொன்ன பிறகு சில நாள் கோபப்படலாம், பேசாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் ஃபைலைக் கையில் திணிக்காமல் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு தாள் தயாரியுங்கள்: நோயின் பெயர், நிலை, சிகிச்சைத் தேதிகள், ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடமும் எத்தனை கிரே என்பதும், ரத்தம் ஏற்றியிருந்தால் அதுவும். மேலே நான் போட்டது வழக்கமான அளவை வைத்த கணக்கு. நடுவில் மருந்தைக் குறைத்திருக்கலாம், எனவே ஃபைலில் உள்ள எண்ணையே எழுதுங்கள். கதிர்வீச்சு விவரம் டிஸ்சார்ஜ் தாளில் இல்லாவிட்டால் அந்தத் துறையிலேயே தனியாகக் கேளுங்கள். பதிவுகளைத் தனியாக வைத்திருப்பார்கள். பழைய ஃபைல்களைச் சில ஆண்டுகளில் அழித்துவிடும் மருத்துவமனைகள் உண்டு. அதனால் இந்த மாதமே போய்விடுங்கள்.