ஒரு வருஷப் படிப்பும் அக்டோபர் மாதமும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "செப்டம்பரில் இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. சப்ளை செயின் படிக்க வருகிறேன் அக்கா. ஒரே வருஷம்தான். முதலில் நல்லபடியாகப் படித்து முடித்துவிட்டு, அப்புறம் வேலை தேடினால் போதுமா? அப்பா திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க், வந்து போகும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறோம்."

தம்பி, போதாது. நான் அப்படித்தான் செய்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து 2011 செப்டம்பரில் நான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்தேன். அப்போது படிப்பு முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் வேலை பார்க்க ஒரு விசா இருந்தது. அதை நம்பித்தான் எங்கள் வீட்டிலும் கடன் வாங்கினார்கள். 2012 ஏப்ரலில் அந்த விசாவையே மூடிவிட்டார்கள். மூடப்போவதாக ஒரு வருஷம் முன்பே அரசாங்கம் அறிவித்திருந்தது. என்னை அனுப்பிய ஏஜென்ட் வாய் திறக்கவில்லை, நானும் அரசாங்க இணையதளத்தைத் திறந்து பார்க்கவில்லை. செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கையில் இருந்தது நான்கு மாதம். பெரிய கம்பெனிகளுக்கு எழுதினால், அடுத்த செப்டம்பரில் சேருவதற்கான ஆட்களைத்தான் இப்போது எடுக்கிறோம் என்றார்கள். டிசம்பரில், விசா முடிய சில வாரமே இருந்தபோது, வருஷம் முழுக்க சனி ஞாயிறு ஷிப்ட் பார்த்த சின்னக் கிடங்கிலேயே திட்டமிடல் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி எல்லாம் தூங்காமல் கிடந்த அந்த மூன்று மாதம் உனக்கு வேண்டாம்.

இங்கே கணக்கு எப்படி என்றால், செப்டம்பர் கடைசியில் உனக்கு வகுப்பு தொடங்கும். பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை எடுக்கும் திட்டங்களை அதற்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடுவார்கள். பல இடங்களில் நவம்பர், டிசம்பருக்குள் மூடிவிடும். சேருவது அடுத்த ஆண்டு செப்டம்பர் வாக்கில். அதாவது, நீ படித்து முடித்த பிறகு சேர வேண்டிய வேலைக்கு, பேராசிரியர் பெயர்கூட மனதில் நிற்காத அக்டோபரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரியில் பரீட்சை, அப்புறம் குழு வேலை, கோடையில் ஆய்வேடு என்று போய்க்கொண்டே இருக்கும். மூச்சு விட நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த நேரம் வராது. சின்ன, நடுத்தரக் கம்பெனிகள் வருஷம் முழுக்க ஆள் எடுப்பார்கள். ஆனால் எல்லாராலும் வெளிநாட்டு ஊழியரின் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய, அதாவது பொறுப்பேற்க, முடியாது. உரிமம் உள்ள ஸ்பான்சர்களின் பட்டியலை அரசாங்கமே இணையத்தில் போட்டிருக்கிறது. கம்பெனி பெயரை அதில் தேடிவிட்டு மற்ற வேலையைப் பார்.

முதல் வாரமே பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்துக்குப் போய் நேரம் வாங்கிக்கொள். காசு கிடையாது. சி.வி.யைத் திருத்தித் தருவார்கள், மாதிரி இன்டர்வியூ வைப்பார்கள். வீடியோ இன்டர்வியூவில் எதிரே ஆளே இருக்காது. திரையில் கேள்வி வரும், ஓரிரு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். பழகாமல் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு விஷயத்தை நான் ரொம்பத் தாமதமாகக் கற்றேன். நமக்கு எதைச் சொன்னாலும் "நாங்க பண்ணோம்" என்றுதான் வரும். தெருவில் கேரம் டோர்னமென்ட் நடத்தியதைக்கூட அப்படித்தான் சொல்வோம். எனக்கு அது பிடித்த குணம். ஆனால் இன்டர்வியூ எடுப்பவர் கேட்பது, என்ன சிக்கல் வந்தது, அதில் நீ என்ன செய்தாய், முடிவு என்ன ஆயிற்று என்பதை. "நான்" என்று சொல்லிப் பழகு. அது தற்பெருமை இல்லை.

பகுதி நேர வேலைக்கு வருகிறேன். மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. பல பேர் சறுக்குவது கோடையில்தான். பி.எஸ்சி. பையன்களுக்கு விடுமுறை என்பதால் முழு நேரம் வேலை பார்ப்பார்கள். உனக்கு அது ஆய்வேட்டுக் காலம், அப்போதும் 20 மணி நேரம்தான். சாப்பாடு டெலிவரி செயலியில் அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். கிட்டே போகாதே. மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது, மாட்டினால் விசாவே போய்விடும். அந்த 20 மணி நேரத்தை முடிந்தவரை உன் துறைக்குள் செலவிடு. லெஸ்டர், நார்த்தாம்ப்டன், டேவென்ட்ரி பக்கமெல்லாம் கிடங்கு மேல் கிடங்கு. ஹோட்டல் வேலையை விட மணிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் கிடங்குக்கே போ. எனக்குக் கடைசியில் கை கொடுத்தது அதுதான்.

விசா விஷயத்தில் ஏஜென்ட் பேச்சை நம்பாமல் நீயே படி. படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா 2021 ஜூலையில் வந்தது, இரண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. பல்கலைக்கழகம் உன் தேர்ச்சியை அரசாங்கத்துக்குத் தெரிவித்த பிறகு, மாணவர் விசா முடிவதற்குள், இங்கே இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். அவசரமாக ஊருக்கு வந்துவிட்டு அங்கிருந்து போட முடியாது. அதற்கு மேலும் தங்க வேண்டுமானால் ஸ்பான்சர் வேண்டும். 2025 ஜூலையில் அதற்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆனது. உன்னைப் போலப் படித்து முடித்துப் புதிதாக வருகிறவர்களுக்கு 33,400. இந்தச் சலுகை மொத்தம் நான்கு வருஷம்தான், கிராஜுவேட் விசாவில் கழியும் மாதங்களும் அதில் சேரும். வேலையும் பெரும்பாலும் பட்டதாரித் தரத்தில் இருக்க வேண்டும். கிடங்கு மேற்பார்வை வேலை நல்ல சம்பளத்தில் கிடைத்தாலும் விசாவுக்கு உதவாமல் போகலாம். திட்டமிடல், தரவுப் பகுப்பாய்வு பக்கம் பார்வையை வை. எக்செல்லை நன்றாகக் கற்றுக்கொண்டு வா.

கடைசியாக ஆய்வேடு. மார்ச்சில் எல்லாரும் இணையத்திலிருந்து ஒரு தலைப்பைப் பிடிப்பார்கள். நீ இப்போதே பிடிக்கலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைவதற்காக டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்குவதும் நமக்குப் புதிதில்லை. இங்கே ஃபெலிக்ஸ்டோ, சவுத்தாம்ப்டன் துறைமுகங்களில் லாரி வருவதற்கு முன்பே நேரம் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுது. அந்தத் துறைமுகங்களிலும் லாரி கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு எழுதிக் கேட்க உனக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கும். வேலை கொடுங்கள் என்று எழுதினால் பதில் வராத இடத்திலிருந்து, உங்கள் கேட்டில் காத்திருப்பு எப்படி என்று கேட்டால் பதில் வரும். எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு வேலை அப்படித்தான் அமைந்தது.

அப்பா டாலி கிளார்க் என்று கேள்வியின் கடைசியில் கூச்சத்தோடு சேர்த்தது போல இருந்தது. உன் வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஒரு வாய்ப்பு இருக்காது, தம்பி. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அப்பாவிடம் யார்டில் அனுமதி வாங்கச் சொல்லி, காலையிலிருந்து ராத்திரி வரை அவர் கூடவே இரு. வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, எதற்காக நின்றது என்று ஒரு நோட்டில் எழுது. அந்த நோட்டைப் பெட்டியில் வைக்காதே, கைப்பையில் வைத்துக்கொண்டு வா.